புயலுக்குள் மணியடித்த போன்

வானொலியில் புயல் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் காற்றுக்கு முன்னால் போன் அடிக்கத் தொடங்கிவிடும். லண்டன், பாரிஸ், கனடா என்று எங்கள் சொந்தம் முழுக்க வெளியில். பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. முற்றத்து முருங்கை ஆடுவதற்கு முதலே "காத்து எப்பிடி?" என்று கேட்டுவிடுவார்கள்.

அந்தமுறை அவர்களுடைய பாசத்தைத் தாங்கும் நிலைமையில் நான் இல்லை. மகளைத் தலைப்பிரசவத்துக்குப் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் விட்டிருந்தோம். பிரஷர் ஏறி நிற்கிறது, ஒப்பரேசன் செய்ய வேண்டி வரலாம் என்று முதல்நாள் சொல்லியிருந்தார்கள். மருமகன் அங்கே நின்றார். விடியப் போவதாக இருந்தோம். விடிந்து பார்த்தால் ரோட்டில் இடுப்பளவு வெள்ளம், குறுக்கே ஒரு பனை. கரண்டும் இல்லை.

இவருடைய, என் கணவருடைய, போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. என்னுடையதில் கொஞ்சம்தான் சார்ஜ். மருமகன் அழைத்தால் பேச வேண்டுமே என்று அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அழைத்ததோ மற்றவர்கள். லண்டனிலிருந்து ஒருவர் வீடியோவில் கடலைக் காட்டச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவரையே கடலில் தள்ளியிருப்பேன். போனை நிறுத்தினேன். ஆனால் மனம் கேட்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் போட்டுப் பார்ப்பேன். போட்டவுடன் கனடாவிலிருந்து மச்சாள், இவருடைய தங்கை, அழைப்பாள். வெட்டிவிட்டு மறுபடி நிறுத்துவேன்.

கூரை ஓடு ஒன்று கழன்று குசினிக்குள் அடுப்பில் விழுந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒப்பரேசன் நேரம் ஆஸ்பத்திரியில் கரண்ட் நின்றால்? ஜெனரேட்டர் இருக்கும் என்றார் இவர். இருக்கும்தான். ஆனாலும் போனை இன்னொருக்கால் போட்டுப் பார்த்தேன்.

மத்தியானம் காற்று தணிந்தது. போனைப் போட்டேன். திரும்பவும் மச்சாள்.

"இஞ்சேரும், அவளோடை ஒருக்காக் கதையும், பாவம்," என்றார் இவர்.

எடுத்தேன். ஏச்சு வாய்க்குள் தயாராக நின்றது. "உமக்குப் புயல் எண்டால் விடுப்போ, வேடிக்கையோ? என்ரை பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறாள். சார்ஜும் இல்லை. வையும் போனை!"

"மச்சாள், வைக்காதேங்கோ! பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். ஒப்பரேசன் செய்யேல்லை. உங்கடை போன் நிண்டுபோய்க் கிடக்கெண்டு மருமகன் எனக்கு எடுத்தவர். அவரின்ரை போனிலையும் சார்ஜ் இல்லையாம். எப்பிடியாவது உங்களுக்குச் சொல்லச் சொன்னவர். அப்ப துவங்கி எடுத்துக்கொண்டிருக்கிறன்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அடுத்த ஊரில் பிறந்த என் பேத்தியின் செய்தி கனடா போய்த் திரும்பி வந்து, எங்கள் வாசலில் காலை முழுக்க நின்றிருக்கிறது. நான்தான் கதவைச் சாத்திவைத்திருந்தேன். அங்கே சாமம் தாண்டியிருக்கும். அவள் படுக்கவே இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன், போன் அணைந்துவிட்டது.

வெள்ளம் வடிந்து, பனையைத் தறித்து ரோட்டைத் திறந்த பிறகு பேத்தியைப் பார்த்தோம். கரண்ட் வர நாள் எடுத்தது. வந்ததும் போனைச் செருகி, அது உயிர் பெறும்வரை பக்கத்திலேயே இருந்து, கனடாவுக்கு அடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். அவள் குரல் கேட்டதும் வாயில் வேறொன்று வந்தது.

"மச்சாள், உங்கை பனி எப்பிடி?"