முதலாளிக்கு வாசித்த மரவியாபாரியின் கதை

மகளின் இறுதிச்சடங்கு முடிந்த மறுநாளே முதலாளி கடையைத் திறந்தார். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் இருக்கும் அவருடைய பலசரக்குக் கடையில் அப்போது நான் பத்து வருடமாகக் கல்லாவில் இருந்தேன். அன்றும் புறநகரான சார்செலிலிருந்து வழக்கமான ரயிலில்தான் வந்தேன். அவர் வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். குளிரங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அவருக்கு ஒரே பிள்ளை. சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவள். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். சில வாரம் கழித்து, அவளுடைய பையிலிருந்த தாள்கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இது என்னெண்டு ஒருக்காப் பாரும். எனக்கு இவ்வளவு பிரெஞ்சு ஓடாது."

வகுப்பில் பேசுவதற்காக அவள் எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மரவியாபாரி ஒருவரின் வாழ்க்கை. மதியம் கடை ஓய்ந்திருந்தபோது தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு மரம் அறுக்கப் போனவர். பிறகு சொந்த ஆலை, ஆற்றில் சொந்தப் படகுகள். இரண்டு மகள்மாரும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். மறுநாள் அவர் ஆலைக்குப் போனார்.

"மறுநாளோ?"

"ஓம் அண்ணை. அப்பிடித்தான் எழுதியிருக்கிறா."

அவர் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். "பிறகு?"

"ஆலையை வித்து ஒரு யூனிவர்சிட்டிக்குக் குடுத்திட்டாராம்."

"இதை அவள் எனக்குச் சொல்லேல்லை" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் கடையை விற்றார். அந்தப் பணத்தை எங்கள் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு வாசிப்பறை கட்டக் கொடுத்தார். மகளின் பெயரை வைக்க வேண்டாம் என்றுவிட்டாராம். நான் காரணம் கேட்கவில்லை. புது முதலாளி என்னை வேலையில் வைத்துக்கொண்டார். திறப்புவிழாப் படம் போனில் வந்தபோது யாரோ ஓர் அம்மாவுக்குக் கறிவேப்பிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலிகள், மின்விசிறிகள், வெள்ளைச் சுவர். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இப்போது அவர் மனைவியோடு கார்ஜ் என்ற புறநகரில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் கடைக்கு வந்து மற்றவர்களைப் போல வரிசையில் நிற்பார். போன கிழமை முருங்கைக்காய் வாங்கினார்.

"வாசிப்பறையிலை இடம் காணாதாம் தங்கச்சி. பிள்ளையள் நிலத்திலை இருந்தும் படிக்குதுகளாம்."

"நல்லதுதானே அண்ணை."

"ஓம்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் முகத்திலும் ஒன்றும் இருந்திருக்காது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். நான் அடுத்தவருடைய அரிசி மூட்டையை இழுத்தேன்.