துட்டி கேட்காத அறை

சசிரேகாவுக்கு வேலை கிடைத்த செய்தியை அவள் அம்மா லீலா தங்கள் ஊரான மண்ணூரில் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். "கம்பெனில பேசற வேலையாம். வாயால பேசிக்கினு இருக்கறதுக்கு சம்பளம் தர்றாங்கோ, இன்னா காலமோ!" பள்ளிக்கூடத்தில் வாங்கிய வாயாடிப் பட்டம் இப்படிச் சோறு போடும் என்று சசிரேகாவே நினைத்ததில்லை. மனநல ஆலோசனைப் படிப்பைச் சென்னையில் முடித்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 2011இல் ஆலோசகராகச் சேர்ந்தாள். ஏ.சி. அறை, மெத்தை நாற்காலிகள், டிஷ்யூ டப்பா. அழுவதற்கு எல்லா வசதியும் இருந்தது. அழத்தான் யாரும் வரவில்லை.

வந்தவர்களும் தலைவலி, நெஞ்செரிச்சல் என்றார்கள். பெரும்பாலும் தெற்கத்திப் பையன்கள். "மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்று பாடத்தில் படித்த மாதிரியே கேட்டால் தரையைப் பார்த்து, "ஒண்ணுமில்ல மேடம்" என்பார்கள். கல்லில்கூட நார் உரித்துவிடலாம் என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

அப்படித்தான் இசக்கியப்பனும் வந்தான். நாங்குநேரிப் பக்கத்துப் பையன், தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. அப்பா இறந்த அன்று, மாற்று ஆள் வந்தபிறகு போகலாம் என்று அவனை லைனிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. திரும்பி வந்ததிலிருந்து மெஷின் முன்னால் நின்றபடியே எங்கோ போய்விடுகிறான். பக்கத்து ஆள் பிடித்து இழுத்திராவிட்டால் ஒருநாள் கையே போயிருக்கும்.

"ஃபிட்டா, அன்ஃபிட்டான்னு வாரக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. அன்ஃபிட்னா ஊருக்கு அனுப்பிடலாம்" என்றார் மனிதவளப் பிரிவு ஸ்ரீதர். ஊரில் அம்மாவும் தங்கைகளும் இவன் ஒருவனை நம்பித்தான் இருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும், "வாங்க இசக்கியப்பன்" என்று சிரித்து வரவேற்பாள். முடிந்ததும், "போயிட்டு வாங்க" என்பாள். நடுவில் பேசியது முழுக்க அவள்தான்.

பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம், வாலாஜாபாத் சாலையில் அவன் தங்கியிருந்த அறைக்கே போனாள். எட்டுப் பேர், நாலு பாய். ஒரு ஷிப்ட் எழுந்து போனால் இன்னொரு ஷிப்ட் அதே பாயில் படுக்கும். இசக்கியப்பன் வேலையில் இருந்தான். சுடலைக்கண்ணு என்ற கூட்டாளிதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"உங்ககிட்டயாவது அழுதானாப்பா?"

"எங்க மேடம்? அவன் வந்தப்ப பாதிப் பேரு ஷிப்ட்டு, மீதிப் பேரு ஒறக்கம். மறுநா பாத்தப்போ என்ன சொல்லதுன்னு தெரியாம, சாப்பிட்டியாலேன்னு கேட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "ஒருத்தரும் துட்டி கேக்கல மேடம்."

"துட்டின்னா?"

"சாவு விசாரிக்கது. எங்க பக்கம் வாரவுக பேச மாட்டாவ. ரெண்டு கையையும் சேத்து நீட்டுவாவ, செத்த வீட்டுக்காரன் தொடணும். சும்மா உக்காந்துட்டு எந்திச்சுப் போயிருவாவ. வாங்கன்னும் சொல்லக் கூடாது, வாரேன்னும் சொல்லக் கூடாது."

சசிரேகாவுக்கு முகம் சுட்டது. கை நீட்டுவது அவளுக்குப் புதிது. ஆனால் சாவு வீட்டில் 'வரேன்' சொல்லக்கூடாது என்பது மண்ணூரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். மெத்தை நாற்காலியைப் பார்த்ததும், துக்கக்காரன் வந்து உட்கார்ந்த அந்த அறையும் சாவு வீடுதான் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. பல்லைக் காட்டி 'வாங்க வாங்க' என்றிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஸ்ரீதர் முன்னால் போய் நின்றாள்.

"எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல லீவா? இது கவுன்சிலிங்கா, கல்யாணமா?"

"சாவு சார். நாம அன்னிக்கு அனுப்பாத சாவு."

அவர் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, "சனிக்கிழமை மத்தியானம் மட்டும்" என்றார்.

சனிக்கிழமை அந்தச் சின்ன அறையில் முதன்முறையாக எட்டுப் பேரும் ஒன்றாக விழித்திருந்தார்கள். சுடலைக்கண்ணு முதலில் வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். இசக்கியப்பன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லத் தொட்டான். அடுத்தவன் நீட்டினான். அதற்கடுத்தவன். கடைசியில் சசிரேகா. ஆலோசனைக்கு வருகிறவர்களைத் தொடக்கூடாது என்று படித்திருந்தாள். இருந்தாலும் நீட்டினாள். தொட்டவன் கையை விடவில்லை. "எய்யா, ஒன்னத் தூக்கிப்போட நான் வரலியே!" என்று ஓங்கி அழுதான். அழாதே என்று யாரும் சொல்லவில்லை.

நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். பழக்க தோஷம், 'வரேன்' பல்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"ஊருக்கு வேணாம் சார். கொஞ்ச நாள் பிரஸ்ல விடாம பேக்கிங்ல போடுங்க" என்று ஸ்ரீதரிடம் சொன்னாள். அவர் போட்டார்.

அடுத்த வாரம் கூப்பிடாமலே கதவைத் தள்ளிக்கொண்டு இசக்கியப்பன் வந்து நின்றான். அவள் 'வாங்க' சொல்லவில்லை. அவனாகவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவள் காத்திருந்தாள்.

"வேலைக்கு வரும்போது எங்கய்யாதான் ரயிலேத்திவிட வந்தாவ மேடம்" என்றான். "வண்டி கெளம்பையில சன்னல் வழியா ரெண்டு கையையும் நீட்டுனாவ. பயலுவ பாத்துச் சிரிப்பானுவன்னு நான் தொடல."