எரியாத விளக்கும் திறக்காத கணினியும்

போன வருடம் மழைக்காலத்தில், பட்டர்வொர்த்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது இது. குடும்பத்தில் அடி உதை படும் பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் சின்ன அலுவலகம் அங்கே இருக்கிறது. பட்டர்வொர்த்தில் சரக்குக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் கிராணியாகக் கணக்கெழுதிவிட்டு, இப்போது வாரம் மூன்று நாள் அங்கே தட்டச்சு வேலை பார்க்கிறேன்.

அந்தப் பெண்களின் விவரம் வெளியே போய்விடக் கூடாதே என்று கணினியின் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து பூட்டியிருந்தோம். ஆன் செய்ததும் கடவுச்சொல் கேட்கும். கொடுக்காவிட்டால் எதுவுமே திறக்காது. கடவுச்சொல்லை வைத்தது நான்தான். பழைய கண்டெய்னர் எண்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன்.

அன்று பகல் இரண்டரைக்கு, எங்களிடம் உதவி கேட்டு வந்த ஒரு தங்கையின் வழக்கு. கணவன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்கப் போகிறோம். காயங்களின் படங்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன; அவளுடைய கைப்பேசியை அவன் உடைத்துவிட்டான். இன்னொரு பிரதி எடுத்து வைக்கும்படி அலுவலகத் தலைவி இரண்டு முறை சொல்லியும் நான்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

முந்தின நாள் இடியில் கரண்ட் போயிருந்தது. காலையில் கணினியைப் போட்டால் ஏதோ பழைய வருடத்துத் தேதியைக் காட்டிவிட்டுக் கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன், மறுபடியும் தவறு. ரிப்பேர்காரரை ஃபோனில் கூப்பிட்டேன்.

செபராங் ஜெயாவிலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்து, செட்டிங் எல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லிப் புதியதைப் போட்டார். தேதியைச் சரிசெய்தார். கடவுச்சொல் மட்டும் ஏறவில்லை.

“அக்கா, பாஸ்வர்ட மறந்துட்டீங்க லா. வயசானா வர்றதுதான். எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிருவோம், வேற வழி இல்ல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “தம்பி, நான் என் பேரக்கூட மறப்பேன், நம்பர மறக்க மாட்டேன்!” என்றேன்.

வழக்குக்காகக் காலையிலேயே வந்து காத்திருந்த அந்தத் தங்கை மெதுவாக எழுந்தாள். “விடுங்கக்கா. நான் வீட்டுக்கே போயிர்றேன்.”

அடித்தவனிடமே திரும்பிப் போகிறேன் என்கிறாள். அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு யோசித்தேன். எண் சரி என்றால், நான் தட்டுவது கணினிக்குப் போய்ச் சேரவில்லை. கடவுச்சொல் கேட்கும் திரையில் எப்போதுமே, என்ன தட்டினாலும் ஒரு புள்ளிகூட விழாது. தட்டுவது கண்ணுக்குத் தெரிகிற இடம் வேண்டும். அவர் தேதி மாற்றினாரே, அந்தத் திரையை மறுபடி திறக்கச் சொன்னேன்.

அவர் விசைப்பலகையின் மேல் வரிசையில் எண் அடிப்பவர். நானோ வலது ஓரத்தில் இருக்கும் எண் கட்டத்தில்தான் அடிப்பேன், அதுவும் பார்க்காமலே. கம்பெனிப் பழக்கம். எட்டைத் தட்டினேன். எண் விழவில்லை, கர்சர் மேலே ஏறியது. இரண்டைத் தட்டினால் கீழே இறங்கியது. குனிந்து பார்த்தேன். எண் கட்டத்தில் எண் விழ வைக்கும் நம்லாக் விளக்கு எரியவில்லை! இத்தனை நாளும் தானாக எரிந்தது, பேட்டரி செத்ததோடு அந்த செட்டிங்கும் போயிருக்கிறது.

விளக்கைப் போட்டுக் கடவுச்சொல்லை அடித்தேன். கணினி திறந்தது. படங்கள் அத்தனையும் இருந்தன.

“அய்யோ, இத நான் பாக்கவே இல்லையே அக்கா!” என்று ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார். எனக்கிருந்த பெருமையில் அவருக்கு நானே ஓடிப்போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தேன். முதல் வேலையாகப் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன். என் சோம்பலை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே உத்தரவு கிடைத்தது. இப்போது அவள் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், தனி வீட்டில் இருக்கிறாள். வயதாகிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி நான் அன்று தலையாட்டியிருந்தால் அவள் அந்தப் படியிறங்கி எங்கே போயிருப்பாள் என்று நினைக்கும்போது, என் பிடிவாதத்தைப் பற்றி வீட்டில் யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபமே வருவதில்லை.