வெள்ளிக்கிழமைத் துகள்கள்

மலரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில் வட்டகொடையைத் தாண்டும்போது அவளுடைய தம்பி போன் செய்தான். "அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றான். அடுத்த ஸ்டேஷனான தலவாக்கலையில் இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நடைமேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியர் யோகமலர் என்று நீங்கள் அறிந்தவர் எனக்கு வெறும் மலர். பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே வகுப்பு, எனக்கும் அதே ஆராய்ச்சித் தொழில்தான். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், அணுவுக்குள் இருக்கும் துகள்களை ஆராய வெளிநாட்டுக்குப் போனாள். அங்கே பெரிய ஆய்வுகூடத்தில் நல்ல பெயர் எடுத்தாள். பிறகு ஒருநாள், வானிலிருந்து பொழியும் மியூயான் என்ற துகள்களைப் பிடிக்க உயரமான இடம்தான் வேண்டும், எங்கள் மலை போதும் என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கேட்டு வாங்கினாள். மியூயான் உள்ளே புகுந்தால் மினுங்கும் தகடுகளை வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்தாள். அந்த மினுக்கத்தை எண்ணும் கருவி, கணக்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வானத்தின் உச்சியில் பிறக்கும் இந்தத் துகள்கள் கொழுந்தெடுக்கும் கையையும் துளைத்துக்கொண்டு போகின்றன என்று ஸ்டோர்ப் பெண்களுக்கு விளக்கினாள். கூட்டிப் பெருக்கும் சந்தனம் அக்கா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலிக்கலியேம்மா" என்றார். "அதனாலதாங்க அத புடிக்க இம்புட்டுப் பாடு" என்றாள் மலர்.

சில மாதங்களில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக் காலைகளில் மட்டும் எண்ணிக்கை குபீரென்று ஏறியது. வானத்துக்கு வெள்ளிக்கிழமை எது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். அவளோ அதை வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில் சொல்லியும் விட்டாள். எல்லாரும் வியந்தார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்யவிருந்த ஆய்வுக்கு அவளையே தலைவராக்கலாம் என்ற பேச்சும் வந்தது. அதற்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும்.

பேச்சு அடிபடத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். பெட்டிக்குப் பொட்டு வைத்து, சந்தனம் அக்கா கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். "எல்லா மெசினுக்கும் காட்டுறோம். இது மட்டும் என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார். கறுப்புத் தாளில் ஒரு கிழிசல். கற்பூர வெளிச்சம் அதன் வழியே புகுந்து துகளாகக் கணக்கில் ஏறியிருந்தது.

அறைக்குப் பூட்டுப் போடு என்றேன். "எதுக்கு? கிழிசல கவனிக்காதது நான்தானே" என்றாள். கதவுக்கு வெளியே நின்று காட்டும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டாள். கருவிக் கோளாறு என்று கூட்டத்தாருக்கு ஒரே வரியில் எழுதி முடி என்றேன். அதையும் கேட்கவில்லை. "கற்பூரம்னு சொன்னாத்தான் இன்னொருத்தரு இந்தக் குழியில விழ மாட்டாங்க." அடுத்த கூட்டத்தில் முழுக் கதையையும் சொன்னாள். சிரித்தார்கள். தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. "ஒரு நாள் முழுக்க அழுதுட்டேன். போதும்" என்றாள், அவ்வளவுதான்.

தகடுகளைப் புதிதாகச் சுற்றினாள். காற்றழுத்தம் கூடினால் மியூயான் குறைய வேண்டும், குறைந்தால் கூட வேண்டும். உலகம் அறிந்த விஷயம்தான். அது எங்கள் மலையில் பிசகாமல் தெரிந்த நாளில் ஸ்டோர் முழுக்க லட்டுக் கொடுத்தாள். அந்தக் கணக்கை யாரும் சந்தேகிக்கவில்லை. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகள் இப்போது அதை வைத்துத்தான் ஆய்வு செய்கிறார்கள். பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது.

"நெசமா இருக்கணும்னு ஆசப்பட்டா இன்னொரு தடவ பாத்துடணும்" என்பாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். போன வாரம் என் கையில் ஒரு முடிவு கிடைத்தது. அழகான முடிவு, என் பெயரை நாலு பேர் சொல்லவைக்கும் முடிவு. உண்மையாக இருக்க வேண்டுமென்று உயிரை விடுகிறேன். அதனால் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை, மலர்.