ஆறு மணிக்கு நிற்கும் இரைச்சல்

மாலை ஆறு மணிக்கு அந்த இரைச்சல் நின்றுபோகும். எங்கள் தெருவுக்கும் இரும்பு உருக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு மதிலும் கொஞ்சம் முள்காடும்தான். உலை ஓடும்போதெல்லாம் ஒரு ரீங்காரம் வீட்டுக்குள் புகுந்துவிடும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் தெரியும். விருந்தாளிகள் தலைவலிக்கிறது என்பார்கள். எங்களுக்கு அது காதில் விழுந்ததே இல்லை, நின்றால்தான் விழும். பள்ளி விட்டு வந்து, பூட்டைத் திறந்து, தனியாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் எட்டு வயதுப் பெண்ணுக்கு அது நிற்பது ஒன்றுதான் செய்தி. நின்ற பத்தாவது நிமிடம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். நைனா வந்துவிடுவார்.

நைனா என்றால் அப்பா. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, ஆரம்பாக்கத்துச் சித்தப்பா என்னைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னார். நைனா கொடுக்கவில்லை. உலையில் இரும்பை உருக்கும் வேலையில் இருந்துகொண்டு அவர் எப்படிப் பெண்பிள்ளையை வளர்ப்பார் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் நம்பியது மின்சாரக் கட்டணத்தை. ஊரெல்லாம் விளக்குப் போடும் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஆலைகளுக்கு மின்சாரம் கூடுதல் விலை. உலை தின்னும் மின்சாரத்துக்கு அந்த விலையைக் கொடுத்தால் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஆறு மணிக்கு உலையை நிறுத்திவிட்டுப் பத்துக்கு மேல் மறுபடி ஏற்றுவார்கள். அந்த நான்கு மணி நேரம் எனக்குச் சொந்தம். பத்து மணிக்கு அவர் மீதி ஷிப்டுக்குத் திரும்பிப் போகும்போது பக்கத்து வீட்டு அத்தை பாயோடு வந்து என்னருகில் படுத்துக்கொள்வார். மற்ற பிள்ளைகளுக்கு அம்மா சோறு போட்டாள். எனக்கு மின்வாரியம் போட்டது என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வேன்.

அவர் சமையல் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. வார நாளில் கருவாட்டுக் குழம்பு, ரசம், சோறு. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி. அடி கறுத்த அலுமினியச் சட்டியில் சின்ன வெங்காயமும் மிளகுமாக அவர் வதக்க ஆரம்பித்தால், படிப்பு ஓடாது. எலும்பைத் தட்டின் விளிம்பில் தட்டித் தட்டி உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்து என் சோற்றில் வைப்பார். "கணக்கு நல்லா வரும், துன்னு" என்பார். தட்டியே அவருடைய எவர்சில்வர் தட்டின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கணக்கு நன்றாகத்தான் வந்தது. சென்னையில் மின்பொறியியல் படிக்க இடம் கிடைத்து, தினமும் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் போய்வந்தேன்.

மூன்றாம் ஆண்டு கோடையில், ரயில் ஓடாத ஒரு நாள், கவரைப்பேட்டை அருகே பஸ்ஸில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கோழி லாரி. கூடைக்கு மேல் கூடையாக அடுக்கியிருந்தார்கள். கம்பி இடுக்கில் கழுத்து சிக்கிய ஒரு கோழி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில். இருபது நிமிடம் பஸ்ஸும் நகரவில்லை, லாரியும் நகரவில்லை. நானும் ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு விட்டதுதான், கறி, மீன், கருவாடு எல்லாம்.

நைனாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "யாரு இன்னா சொன்னாங்க உன்ன?" என்பதுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். "காலேஜ்ல எவனாவது மூக்கப் புடிச்சானா? சொல்லும்மா." கோழி லாரியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நாங்கள் சாப்பிடுவதை வைத்து எங்களை எடை போட்ட ஊரில் வளர்ந்தவர் அவர். படித்த மகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வெட்கப்படுகிறாள் என்பதுதான் அவருக்குப் புரிந்த காரணம்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ அந்த வயதுக்குரிய பிடிவாதம். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு புதுத் தட்டும் சின்னச் சட்டியும் வாங்கி வந்து, கறி ஆக்கிய பாத்திரத்தில் இனிச் சாப்பிட முடியாது என்று சொல்லிவிட்டேன். நைனா தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க நைனாவுக்கும் டீக்கடைல இப்டித்தான் ஒரு டம்ளர் வச்சிருந்தாங்க. வெளில, ஓலைல சொருகி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது வேறு, இது வேறு என்று வாதம் செய்தேன். "சரிம்மா, வச்சிக்கோ" என்று அவரே அதை அலமாரியின் மேல் அடுக்கில் தனியாக வைத்தார். அது வேறு, இது வேறுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் சரியாகப் பேசியதால் எனக்கு ஆனது ஒன்றுமில்லை.

நான் படிப்பை முடித்த சமயம் ஆலை சூரிய மின்சாரத்துக்கு மாறியது. தெற்கே ஏதோ ஒரு பொட்டல் காட்டில் சூரியப் பலகைகள் பதித்த நிறுவனத்தில் முதலாளியும் பங்கு போட்டார். வெயிலுக்கு விலை இல்லை. பலகைக்குப் போட்ட முதலும், கம்பி வழியாக இங்கே கொண்டுவர வாரியத்துக்குக் கட்டும் கூலியும்தான் செலவு. ஆனால் பகலில் வருவதைப் பகலிலேயே தீர்க்க வேண்டும். சேர்த்து வைத்து மாலையில் எடுப்பதென்றால் விலை ஏறிவிடும். எனவே உருக்குவதெல்லாம் பகலுக்கு மாறியது. "சூரியனுக்கு ஓவர்டைம் கெடையாது, எனக்கும் கெடையாது" என்று நைனா சிரித்தார். ஆறு மணிக்கு உலை நின்றால் மறுநாள் காலைதான். சிறு வயதில் நான் ஏங்கிய முழு மாலையும் இரவும் இப்போது எங்களுக்குக் கிடைத்தன.

கிடைத்து என்ன? ஆறு மணிக்கு இரைச்சல் நிற்கும், ஏழரைக்குத்தான் சைக்கிள் வரும். "துன்ட்டேம்மா, மில்லுலயே துன்ட்டு வந்துட்டேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பாக்கம் போய்விடுவார்; சித்தப்பா வீட்டில் கறி சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அலுமினியச் சட்டி அடுப்பேறவே இல்லை. அதை நான் கவனித்தேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நான் என் தட்டில் சாப்பிடுவேன். அவர் கூடத்தில் டிவி பார்ப்பார். ஒரே வீட்டில் ஆறு வருடம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

போன மார்கழியில் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து நான்கைந்து நாள் கழித்து, ஆலையில் அவரோடு கிரேன் ஓட்டிய அண்ணன் பார்க்க வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் நைனாவின் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. கறி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்று நான்தான் சொன்னேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா பாப்பா சொல்ற? அவரு கறி வுட்டு வருசக்கணக்கா ஆவுதே. மெஸ்ல பிரியாணி போட்டா என் தட்ல தள்ளிட்டு, வெறும் தயிர் சோறு துன்னுக்கினு இருப்பாரு. கேட்டா, 'என் பொண்ணே துன்றதில்ல, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு'ன்னுவாரு. உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். அங்கேயும் ரசம் சோறுதானாம். அண்ணன் போனபின் சமையலறையில் நெடுநேரம் நின்றேன். மேல் அடுக்கில் என்னுடைய தட்டு, கீழே நசுங்கிய விளிம்போடு அவருடையது. இரண்டிலும் ஆறு வருடமாக ஒரே சாப்பாடுதான் போட்டிருக்கலாம். அவரைத் தள்ளிவைத்தது கறி இல்லை, நான் வாங்கி வந்த தட்டு. அதை ஒரு நாள் கீழே இறக்கி வைத்திருந்தால் அவர் வந்து உட்கார்ந்திருப்பார். எனக்குத் தோன்றவே இல்லை. வாய் விட்டு அழுதேன்.

இப்போது அவருடைய தட்டில்தான் சாப்பிடுகிறேன். அதே வீட்டில் இருந்தபடியே, ஆலைகளுக்குச் சூரிய மின்சாரம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். நாளைக்கு எந்தக் கால்மணியில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று வானிலையைப் பார்த்துப் பட்டியல் போட்டு அனுப்புவது என் வேலை. அதைப் பார்த்துத்தான் ஆலைகள் உலையை ஏற்றி இறக்குகின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலையும் அதில் ஒன்று. தினமும் பட்டியலில் ஆறு மணிக்கு நேராகப் பூஜ்ஜியம் போடுகிறேன்.

சொன்னபடி மறுநாள் ஆறு மணிக்கு இரைச்சல் நிற்கிறது. கை தானாகக் கணினியை மூடுகிறது, காது வாசலுக்குப் போகிறது. அந்த உலை நிற்காதா என்று காத்திருந்த பெண் நான். இன்றைக்கு அதை நிறுத்தும் நேரத்தை எழுதுவதே நான்தான். நின்றபின் வருவதற்குத்தான் ஆள் இல்லை.