காலண்டர் அட்டை

கடைப்பையன் ஷூவுக்குள்ளிருந்த மெத்தையை உருவி, ஜெல், குஷன், ஆர்ச் சப்போர்ட் என்று அடுக்கிவிட்டு, "அமுக்கிப் பாருங்க மேடம், உங்க கால்தடம் அப்படியே பதிஞ்சிரும்" என்றான். எங்கள் ஊரில் இத்தனை பெயர் கிடையாது. செருப்புக்குள் எதை வைத்தாலும் அது அட்டை, அவ்வளவுதான்.

அச்சங்குளம் பக்கம் அம்மா வேலை பார்த்த, இப்போது இல்லாமல் போன பட்டாசுக் கம்பெனியில், உரசினால் பொறி பறக்கும் என்று செருப்போடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கேட்டை ஒட்டிய புளியமரத்தடியில் எல்லோருடைய செருப்பும் வரிசையாகக் கிடக்கும். பள்ளிவிட்டு வந்து அம்மாவுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம், அம்மாவின் சிநேகிதி மாரியக்காவின் செருப்பில் கால் நுழைத்து, அச்சாபீஸில் கழித்த காலண்டர் அட்டையை வெட்டி அவள் உள்ளே வைத்திருந்ததில் பெருவிரல் பதிந்த குழியைத் தடவிக்கொண்டே நிற்பேன்.

மாரியக்கா வேலை பார்த்த அறை வெடித்த அன்று, அம்மா வெறுங்காலோடு ஓடிவந்து, மரத்தடியில் நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகப்போக வரிசை குறைந்தது. மழை தூறியது. அம்மா மாரியக்காவின் செருப்பை எடுத்து முந்தானையில் சுற்றினாள்.

"அட்டை நனைஞ்சிரும்டி. வந்து தேடுவா."

"அக்கா வரலையேம்மா."

அம்மா இன்னும் இறுக்கிச் சுற்றினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், தன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது அவளுக்குத் தெரிந்தது.