கோர்ட் கலைந்த பிறகு

குடித்துவிட்டு மாட்டுகிற இளவட்டங்களின் கேஸில் வக்கீலுக்குக் கோர்ட்டுக்குள் வேலை குறைவு, வெளியேதான் அதிகம். அருப்புக்கோட்டை வெயிலில் கறுப்புக் கோட்டைச் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோர்ட்டில்

எண்பதுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டதாக இரண்டு பேரைப் பிடித்திருந்தார்கள். ஒருவன் தறித்தெரு ரமேஷ். இன்னொருவன் பரளச்சிப் பக்கத்துச் செல்வம். குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சிறு அபராதம், கோர்ட் கலையும்வரை காவல். அதாவது, மாஜிஸ்திரேட் எழுந்து போகும்வரை சுவரோரம் நிற்க வேண்டும். செல்வம் என் காதருகே குனிந்தான்: "இது தண்டனையா சார்? மண்ணெண்ணெய்க்கு இதைவிட நேரம் நிப்போமே."

தறித்தெருவில்

அடுத்த வாரம் ரமேஷின் அப்பா வந்து, தெரு செய்வதைப் பாருங்கள் என்று என்னைக் கூட்டிப்போனார். அங்கே தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டித்தான் கஞ்சி போடுவார்கள். நிறையக் கைகள் வேண்டும், தெருக்காரர்கள் கூப்பிடாமலே வருவார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. அப்பாவும் மகனும் ஆளுக்கொரு முனையில் நிற்க, நடுவில் நூல் தொய்ந்து மண்ணைத் தொட்டது. எதிர்வீட்டில் தெருத் தலைவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். "நாங்க அவனை ஒண்ணுஞ் சொல்லலையே வக்கீலய்யா. இன்னைக்கு எல்லாருக்கும் சோலி இருக்கு, அம்புட்டுத்தான்."

செல்வத்தின் ஊரில்

இங்கே ஊர் கூடியே தீர்ப்புச் சொன்னது. அம்மனுக்குப் பொங்கல் சாட்டி, திருவிழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவன் கையில் மஞ்சள் கயிறால் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியவன் பொங்கல் முடியும்வரை குடிக்கக் கூடாது. ஊரை விட்டு வெளியே இரவு தங்கவும் கூடாது. அதற்குள் மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். முதல் நாள் ஓட்டம், மறுநாள் டாக்டர் பரிசோதனை; இரவு அங்கேதான் தங்கியாக வேண்டும். மழை பொய்த்த வருஷம். வீடு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

காப்பை அவிழ்க்கச் சொல்லி ஊர்ப் பெரியவரிடம் வாதாடினேன். "ஆத்தாளுக்குக் கட்டுனதை அவுக்க நாம யாரு?" என்றார். செல்வத்தின் அம்மா குறுக்கே வந்தாள்: "அவுக்க வேணாம் மாமா. அவன் ஊர்லயும் இருக்கணும், மதுரையிலயும் இருக்கணும். அதுக்கு வழி சொல்லுங்க."

 பெரியவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரும் பூசாரியும் இன்னும் சிலரும் அவனோடு பஸ் ஏறினார்கள். அன்று இரவு மைதானத்து வாசலிலேயே அவனை நடுவில் விட்டுப் படுத்தார்கள். செல்வம் தேறிவிட்டான். திரும்பி வந்த பெரியவரிடம், எல்லை தாண்டியதாகாதா என்று கேட்டேன். "ஊருன்னா என்ன வக்கீலய்யா, நாங்கதான? நாங்க அவனைச் சுத்தித்தான படுத்திருந்தோம்."

தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடத்தான் நான் படித்திருக்கிறேன். குற்றவாளியோடு சேர்ந்து பஸ் ஏறுகிற நீதிபதிகளிடம் என்ன பேசுவதென்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.